வம்சாவளி கேட்ட வைத்தியர்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அழைத்துப்போய்க் காட்டும் இடங்களில் பொன்முடியும் ஒன்று. நெடுமங்காடு, விதுரா, கல்லாறு என்று பஸ் ஏறும். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வரும். மேலே போனால் பனி, புல்வெளி, தேயிலை. பலரும் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள்.

இந்த மலையைச் சுற்றிய காடுகளிலும், தெற்கே அகத்தியமலைப் பக்கத்திலும் காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. 1987ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் குழு இவர்களில் சிலரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு அகத்தியமலைக் காட்டுக்குள் போயிற்று. ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ களைப்பே இல்லாமல் நடந்தார்கள். நடுநடுவே ஏதோ ஒரு சிறு கருநிறக் காயை வாயில் போட்டு மென்றார்கள். அது என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் பதில் வரவில்லை. குலத்துக்குள் இருக்க வேண்டிய விஷயம், வெளியாருக்குச் சொல்லலாகாது என்று தயங்கினார்கள். நெடுநேரம் கேட்ட பிறகுதான் காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் இன்று பெயர் பெற்றுவிட்ட ஆரோக்கியப்பச்சை.

அந்தத் தயக்கத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர், அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் நீலகிரியில் இதே தயக்கத்தின் முன் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்த ஓர் ஆங்கில டாக்டர். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்று அவர் பெயரை எழுதுவார்கள். முழுப்பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். ரிவர்ஸ் இரண்டு முறை வருவது அச்சுப் பிழை அல்ல. மனிதக் கூட்டங்களின் வழக்கங்களை ஆராயும் மானிடவியலையும், நோய் தீர்க்கும் வைத்தியத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவர் அவர். கம்ப்யூட்டரை அவர் கனவிலும் கண்டிருக்க முடியாது. ஆனால் அவர் வகுத்த ஒரு முறையின் சாயலைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்திலும் காணலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

திக்கிப் பேசிய டாக்டர்

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச் 12ந் தேதி இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். திக்குவாய் உள்ளவர்களுக்குப் பேசக் கற்றுக் கொடுப்பதும் அவர் தொழில். தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட் அதே வைத்தியத்தில் பெயர் எடுத்தவர். 1863இல் லண்டனில் மானிடவியல் சங்கம் ஒன்றை நிறுவியவரும் அவரே. கறுப்பு மக்களைத் தாழ்ந்த இனமாகக் கருதி எழுதியவர் அந்த மாமன். மருமகன் பிற்காலத்தில் நேர் எதிர்த் திசையில் போனார். திக்குவாய் வைத்தியர்களின் குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கே ஆயுள் முழுவதும் திக்கல் நீங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மேடையில் பேச அஞ்சியவர், பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கப் பழகிக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பள்ளி முடிக்கும் சமயத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து கேம்பிரிட்ஜ் உபகாரச் சம்பளம் கை நழுவியது. அதனால் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்து, இருபத்திரண்டாவது வயதிலேயே பட்டம் பெற்றார். கப்பல் டாக்டராக ஜப்பான் வரை போய்வந்தார். பிறகு நரம்பு நோய்கள், அங்கிருந்து மனோதத்துவம் என்று மனம் திரும்பியது. 1893 முதல் கேம்பிரிட்ஜில் புலன்களைப் பற்றிப் பாடம் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பரிசோதனைக்கூடத்தை 1897இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர்தான்.

அவரைப் பற்றிய ஒரு வினோதமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் எந்த உருவமும் அவர் மனதில் தோன்றாது. தாம் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் மாடியைக்கூட அவரால் மனக்கண்ணால் பார்க்க முடியவில்லை. தமக்குள் இருந்த இந்த வெற்றிடத்தையும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுவதுபோல் அவர் எழுதி வைத்தார்.

ரயில் விபத்தும் கம்பளி நூலும்

1898ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. தலைவர் ஹாடன். ரிவர்ஸும் போனார். காட்டு மக்களுக்குக் கழுகுக் கண், நாய் மூக்கு என்றெல்லாம் ஐரோப்பாவில் அப்போது பேசினார்கள். அது மெய்யா என்று அளந்து பார்ப்பது அவர் வேலை.

அவர் பெட்டியில் ஒரு கட்டு நிறக் கம்பளி நூல்கள் இருந்தன. அந்த நூலின் பூர்வீகம் ரயில்வே ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1875 நவம்பரில் சுவீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சிவப்பு, பச்சை தெரியாத ஊழியரால் நேர்ந்ததாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் சந்தேகித்தார். சந்தேகம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அதன் பயனாக, நூல்களைக் கொட்டி ஒரு நிறத்துக்கு ஒத்தவற்றைப் பொறுக்கச் சொல்லும் எளிய சோதனை பிறந்து, ரயில் ஊழியர்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் காலத்தில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுகிறார்கள். நோக்கம் ஒன்றுதான்.

தீவு மக்களின் கண்பார்வை ஐரோப்பியர் பார்வையைவிட அதிசயமாகக் கூர்மையானது அல்ல என்று ரிவர்ஸ் கண்டார். கடலில் தூரத்துப் படகை அவர்கள் முதலில் கண்டுபிடிப்பது பழக்கத்தாலும் கவனத்தாலும். நம் கவனத்தை அங்கே வைத்தால் நமக்கும் வரும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு, மனிதர்களை மேல்படி கீழ்படி என்று பிரித்து வைத்திருந்தவர்களுக்கு இது கசப்பான மருந்து.

கண் குறைகள் குடும்பத்தில் இறங்குமா என்று பார்க்கத்தான் அவர் வம்சாவளி கேட்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் கதை ஒன்று இதை விளக்கும். என் அத்தை மகன் உதவி டிரைவர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனையில் நின்றுபோனான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, உன் தாயுடன் பிறந்த ஆண்களில் யாருக்காவது இப்படி உண்டா என்பது. அவனுக்குத் தாய்மாமன் என் தகப்பனார்தான். அவர் பச்சை வேட்டிக்கரையைப் பழுப்பு என்று சொல்வதை நாங்கள் வருஷக்கணக்கில் வேடிக்கை என்று சிரித்துக்கொண்டிருந்தோம்! தகப்பனிடமிருந்து மகனுக்கு இந்தக் குறை நேரே இறங்காது என்பதால் நான் தப்பினேன். தாய் வழியாகத்தான் அது வரும். தாய்க்கு வெளியே தெரியாமல் மகனிடம் தலைகாட்டும். யார் யாருக்கு என்ன உறவு என்று சரியாக எழுதாமல் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

தீவுகளில் வம்சாவளி எழுதும்போது ரிவர்ஸுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவனிடம் உன் அப்பா யார் என்றால் நாலைந்து பேரைக் காட்டினான். பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் அவனுக்கு அப்பாதான். எனவே ரிவர்ஸ் உறவுச் சொற்களை மிகக் குறைத்துக்கொண்டார். பெற்ற தகப்பன், பெற்ற தாய், பிள்ளை, கணவன், மனைவி. இவ்வளவே. இந்தச் சில சொற்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, தீவு முழுவதையும் பெரிய தாள்களில் கட்டிவிட்டார். பிறகு அந்தத் தாளைப் பார்த்தே, இவனை நீ என்ன முறை சொல்லி அழைப்பாய், இவள் எந்தக் குலத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்று கேட்டால் ஊரின் சட்டதிட்டம் முழுவதும் வெளிவந்தது. 1900இல் இந்த முறையை அச்சில் வெளியிட்டார். மானிடவியல் மாணவர்கள் இன்றும் பாலபாடமாகக் கற்கும் வம்சாவளி முறை இதுதான்.

தோடர் மந்துகளில்

1901ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை சில மாதங்கள் தங்கினார். உதகையைச் சுற்றிய தோடர்கள் அப்போது மொத்தம் எண்ணூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். எருமைதான் அவர்கள் செல்வம், தெய்வம், சடங்கு எல்லாம். பால் கடையும் இடமே கோயில், பால்காரரே பூசாரி. ஒரு பெண்ணை அண்ணன் தம்பிகள் சேர்ந்து மணப்பது வழக்கமாக இருந்தது. பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதை, அவள் கருவுற்றிருக்கும்போது வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு தீர்மானித்தது. கொடுத்தவன் தகப்பன். இரத்தம் வேறு, முறை வேறு என்பதை ரிவர்ஸ் இங்கே நன்றாகக் கற்றுக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டுதான் பேசினார். அதே கம்பளி நூல் தோடர்களுக்கும் வந்தது. தோடர் ஆண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சிவப்பு பச்சை பேதம் தெரியாதவர்கள் என்று கண்டார். ஐரோப்பியரிடையே இது நூற்றுக்கு எட்டு அளவில்தான். சிறு கூட்டம் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டால் இப்படி ஒரு குறை பெருகிவிடக்கூடும். அம்புமுனை சேர்த்த இரண்டு சமக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தோன்றும் கண்மயக்குப் படத்தையும் காட்டினார். தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே அதில் ஏமாந்தார்கள்.

ஆனால் வம்சாவளி எழுதுவது எளிதாக இல்லை. இறந்துபோன உறவினர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது தோடர் வழக்கம். ஒரு வீட்டாரின் முன்னோர் பெயரை அந்த வீட்டாரிடம் கேட்க முடியாது. ரிவர்ஸ் வேறு வீட்டாரிடம் தனியே கேட்டு எழுதினார். இதைச் சாமர்த்தியம் என்று அந்தக் காலத்தில் மெச்சினார்கள். நம் வீட்டுச் செத்தவர்களைப் பற்றி அடுத்த வீட்டில் ஒருவர் விசாரித்துக் குறித்துக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. வெளியார் காணக்கூடாத சடங்குகளையும் புனித இடங்களையும் சிலர் அவருக்குக் காட்டினார்கள். சற்று நாளில், அப்படிக் காட்டியவர்களிடையே துன்பங்கள் வந்தன. ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவருடைய மனைவி இறந்துபோனாள். தோடர்களின் குறிகாரர்கள் கூடிப் பார்த்து, தெய்வங்களின் இரகசியங்களை அந்நியனுக்குச் சொன்னதால் வந்த கோபம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ரிவர்ஸிடம் பேச ஆள் வரவில்லை. ஊற்று வற்றிப்போயிற்று.

இதை அவர் மறைக்கவில்லை என்பது அவருடைய நேர்மை. 1906இல் வெளிவந்த எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். எந்தத் தகவல் யாரிடமிருந்து எப்படிக் கிடைத்தது, எது உறுதி, எது சந்தேகம் என்றும் பிரித்துச் சொன்னார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அவருடைய தவறுகளையும் கண்டுபிடிக்க முடிந்தது. தோடர்களுக்குத் தகப்பன் வழிக் குலம் மட்டுமல்ல, தாய் வழிக் குலமும் உண்டு. அது ரிவர்ஸ் கண்ணில் படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, தோடர் மொழியையே கற்றுக்கொண்டு அங்கே தங்கிய எமனோ என்ற மொழியறிஞர்தான் 1937இல் அதை எழுதினார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்பதற்கும், மொழி தெரிந்து கேட்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

மாமாவும் மாமனாரும்

தமிழர்களாகிய நாம் தனியே கவனிக்க வேண்டியது 1907இல் அவர் இந்தியாவின் உறவுமுறைத் திருமணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. ஆங்கிலத்தில் அம்மாவின் அண்ணனும் அங்கிள், அப்பாவின் தம்பியும் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள். நமக்கோ அப்பாவின் தம்பி சித்தப்பா. அம்மாவின் தம்பி மாமா. அந்த மாமா என்ற சொல்லாலேயே பெண் கொடுத்தவரையும் அழைக்கிறோம். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. இது சொல் வறுமை அல்ல என்றார் ரிவர்ஸ். மாமன் மகளை மணப்பது முறை என்று இருந்தால், மாமன்தானே மாமனார் ஆகிறார்? திருமண விதி மொழியில் படிந்து கிடக்கிறது. விதி தளர்ந்த பிறகும் சொல் நிற்கும். சொல்லைக் கேட்டே பழைய விதியை ஊகிக்கலாம். 1913இல் லண்டனில் இதை விரிவுரைகளாக விளக்கினார். உறவுச் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்தவர் அவருக்கு முன்பே இருந்தார்; அமெரிக்க வக்கீல் மார்கன். ஆனால் சொல்லுக்கும் கல்யாணத்துக்கும் முடிச்சை இவ்வளவு தெளிவாகப் போட்டவர் ரிவர்ஸ்.

டாக்டர் தொழிலை அவர் இதற்கிடையே விட்டுவிடவில்லை. 1903இல் ஹென்றி ஹெட் என்ற நரம்பு வைத்தியர் தம்முடைய இடது கையில் ஒரு நரம்பைத் தாமே சம்மதித்து வெட்டிக்கொண்டார். அறுந்த நரம்பு திரும்ப வளரும்போது உணர்ச்சி எந்த வரிசையில் திரும்புகிறது என்று பார்க்க! வாரக் கடைசியில் அவர் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வருவார். ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடி உட்காருவார். ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, சூடான குழாய், குளிர்ந்த குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக் குறிப்பார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. அவர்கள் சொன்ன கொள்கை பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் நீலகிரியில் செய்ததையே இங்கேயும் செய்தார் என்று தோன்றுகிறது: எதிரே இருப்பவன் சொல்வதை நம்பிக் கேட்பது.

1908இல் மெலனீசியத் தீவுகளுக்குப் போனார். அதிலிருந்து இரண்டு பாகப் பெரும் புத்தகம் வந்தது. கடைசிக் காலத்தில் உலக நாகரிகமெல்லாம் எகிப்திலிருந்து கிளம்பிப் பரவியது என்ற கட்சியில் சேர்ந்துகொண்டார். அது அவருடைய சறுக்கல்; அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

1915, 1916 ஆண்டுகளில் லண்டன் வைத்தியர் கல்லூரியில் அவர் ஆற்றிய விரிவுரைகள், அவர் இறந்தபின் 1924இல் புத்தகமாயின. மருத்துவம், மாந்திரிகம், மதம் மூன்றையும் சேர்த்துப் பேசுவது அந்நூல். தீவு மக்களின் மந்திர வைத்தியம் மூடத்தனமான குழப்பம் அல்ல. நோய்க்குக் காரணம் இது என்று அவர்கள் நம்புவதிலிருந்து ஒழுங்காகப் பிறந்த சிகிச்சை என்றார். ஆங்கில டாக்டர்கள் கூடிய சபையில் ஓர் ஆங்கில டாக்டர் இதைச் சொன்னது லேசான காரியம் அல்ல.

போர்முனையிலிருந்து வந்தவர்கள்

முதல் உலக யுத்தத்தில் குண்டு வெடிப்புக்கு இடையே கிடந்த சிப்பாய்கள் பலர் பேச்சிழந்தும், கை கால் விளங்காமலும், தூக்கத்தில் அலறியும் திரும்பினார்கள். கோழைகள் என்று ஒரு கட்சி; மின்சாரம் கொடுத்தால் சரியாகும் என்று ஒரு கட்சி. மறந்துவிடு, வேறு ஏதாவது நினை என்பதுதான் பொதுவான புத்திமதி. 1916 முதல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ரிவர்ஸ் மாற்றிச் சொன்னார். பயங்கரத்தை உள்ளே அழுத்தி வைக்காதே, என்னிடம் சொல் என்றார். மந்துகளில் கேட்டுப் பழகிய காது இங்கே மருந்தாயிற்று. யுத்த அனுபவத்தை அழுத்தி வைப்பதன் தீமை பற்றி 1917 டிசம்பரில் படித்த கட்டுரை மறு ஆண்டு அச்சில் வந்தது. மனவைத்தியத்தில் அது ஒரு மைல்கல்.

அவரிடம் வந்தவர்களில் கவிஞர் சிக்பிரிட் சசூன் ஒருவர். வீரப்பதக்கம் பெற்ற அந்த அதிகாரி, யுத்தத்தை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று 1917 ஜூலையில் பகிரங்கமாக எதிர்த்தார். ராணுவ விசாரணை வைத்தால் அவமானம் என்று அவரை நோயாளி ஆக்கி அனுப்பினார்கள். ரிவர்ஸுக்குத் தர்மசங்கடம். இவன் நோயாளி அல்ல என்று அவருக்குத் தெரியும். குணப்படுத்துவது என்றால் திரும்பவும் குண்டுக்கு அனுப்புவது என்று பொருள். அவர் உடுத்தியிருந்ததும் ராணுவ உடுப்பே. சசூன் தாமாகவே போர்முனைக்குத் திரும்பினார். பிழைத்து 1967 வரை வாழ்ந்தார். ரிவர்ஸைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து ஆயுள் முழுதும் போற்றினார். பலருடைய விஷயத்தில் முடிவு அப்படி அமையவில்லை.

யுத்தம் அவரை மாற்றிவிட்டது. கூச்ச சுபாவம் போய், கல்லூரி மாணவர்களோடு கலந்து பழகினார். 1922இல் மெலனீசிய மக்கள் தொகை ஏன் அழிகிறது என்ற கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார். நோயும் சாராயமும் மட்டும் காரணம் அல்ல. அவர்கள் வாழ்க்கைக்குச் சுவை கொடுத்த வழக்கங்களை அதிகாரிகளும் பாதிரிகளும் பிடுங்கிவிட்டதால் வாழும் ஆசையே போய்விட்டது என்று வாதாடினார். அதே ஆண்டு தொழிற்கட்சி வேட்பாளராகப் பார்லிமென்ட் தேர்தலுக்கும் நிற்க இசைந்தார். நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. குடலிறக்கம் திடீரென்று முறுக்கிக்கொண்டு, அறுவை சிகிச்சையும் பலிக்காமல், 1922 ஜூன் 4ந் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. மணம் செய்துகொள்ளவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் வம்சாவளியை எழுதியவருக்குத் தம் பெயரை எழுதப் பிள்ளை இல்லை.

அப்போது அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நம் நாட்டு மாணவர் கோவிந்த சதாசிவ குர்யே, ஹாடனிடம் ஆய்வை முடித்துப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1924 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழக சமூகவியல் துறையை நடத்தினார். இந்தியாவில் அந்தப் படிப்பு வேர்விட்டது பெரிதும் அவரால்.

கம்ப்யூட்டருக்கு உறவு சொல்வது

கம்ப்யூட்டருக்கு மாமா என்றால் தெரியாது. தாயைப் பெற்றவர்களுக்குப் பிறந்த ஆண் என்று பிரித்துச் சொன்னால்தான் புரியும். 1972 வாக்கில் பிரான்சில் உருவான புரோலாக் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்பவர்களுக்கு முதல் பாடமே பெரும்பாலும் குடும்ப வம்சாவளிதான்: இன்னாருக்கு இன்னார் பெற்றவர் என்று மட்டும் கொடுத்துவிட்டு, தாத்தா, அத்தை யார் என்று இயந்திரத்தையே கண்டுபிடிக்கச் சொல்வது. 1984இல் வம்சாவளிகளைக் கம்ப்யூட்டர்களுக்கிடையே பரிமாற வகுத்த முறையிலும் ஆளுக்கு ஓர் எண், கணவன், மனைவி, பிள்ளை என்ற இணைப்பு, இவையே ஆதாரம். ரிவர்ஸின் தாளைப் பார்த்து யாரும் காப்பி அடித்ததாக நான் சொல்லவில்லை. குறைந்த சொற்களை வைத்து நிறைந்த உறவைக் கட்ட வேண்டுமானால் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

1986இல் ஜெப்ரி ஹின்டன் என்ற விஞ்ஞானி ஓர் ஆங்கிலக் குடும்பம், ஓர் இத்தாலியக் குடும்பம், மொத்தம் இருபத்து நாலு பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். இன்னாருக்கு இன்ன உறவு யார் என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கினார். யார் எந்தத் தலைமுறை என்று யாரும் சொல்லாமலே, அந்தப் பாகுபாட்டை இயந்திரம் தானாகப் பிடித்துக்கொண்டது. இன்று உலகம் பேசும் செயற்கை அறிவின் வேர்களில் அது ஒன்று. ஹின்டனுக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் இளமையில் மனோதத்துவம் படித்தது கேம்பிரிட்ஜில், ரிவர்ஸ் பரிசோதனைக்கூடம் தொடங்கிய அதே பல்கலைக்கழகத்தில்.

வைத்தியத்திலும் அப்படியே. 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு என்ற இரத்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து. அதற்கு ஆலோசனை சொல்ல உட்காரும் டாக்டர் முதலில் எடுப்பது ஒரு தாளையும் பென்சிலையும்தான்.

பொன்முடி மலைக் கதையை முடிக்கவில்லை. ஆரோக்கியப்பச்சையை வைத்து, அடிவாரத்தில் பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் ஏழு ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. கிடைத்ததில் பாதி காணிக்காரருக்கு என்று நிலையம் முடிவு செய்து, அதற்காக 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலக நாடுகள் இதை முன்மாதிரி என்று பாராட்டின. ரிவர்ஸ் காலத்தில் நினைத்தும் பார்த்திராத ஏற்பாடு அது.

ஆனால் காணிக்காரரின் வைத்தியத்தை வழிவழியாகக் காத்து வருபவர்கள் பிலாத்தி எனப்படும் மூத்தவர்கள். காட்டிக் கொடுத்தவர்கள் வழிகாட்டிகளாகப் போன இரண்டு மூன்று இளைஞர்கள். எல்லாருக்கும் பொதுவான இரகசியத்தைச் சொல்ல அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று பிலாத்திகளில் சிலர் ஆட்சேபித்தார்கள். பணம் வந்த பிறகும் அவர்கள் அந்தக் கேள்வியை விடவில்லை.